வியாழக்கிழமைக்காரர்கள்

கூகைக்கரட்டில் இரண்டு பேருக்கு மட்டும் பதினோரு வருஷமாக வியாழக்கிழமை நடந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்கு வெள்ளி வந்தது, சனி வந்தது, மாரியம்மனுக்குப் பூச்சாட்டு வந்தது, தேர்தல் வந்தது, ரேஷன் கடைக்குக் கைரேகை மிஷின் வந்தது. ஆனால் தையல்கடை நாச்சிமுத்துவுக்கும் அவர் பக்கத்து வீட்டுப் பாவாத்தாளுக்கும் எந்தக் காலையில் கண் விழித்தாலும் அது ஐப்பசி மாதத்து ஒரே வியாழக்கிழமைதான். முந்தின நாள் முழுக்க வாந்தியெடுத்துக் கிடந்த உடம்பில் இப்போதுதான் தெம்பு திரும்பியிருக்கிறது என்ற நினைப்போடுதான் இருவரும் தினமும் எழுந்தார்கள்.

நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணிதான் அந்தக் காளானைப் பறித்தவள். அவளைக் கேட்காமல் அந்த ஊரில் ஒருவரும் காளானை அடுப்பில் ஏற்றியதில்லை. இடி இடித்து மழை பெய்த மறுநாள் பெண்கள் முந்தானையிலும் தூக்குப்போசியிலும் கொண்டுவந்து அவள் வாசலில் கொட்டுவார்கள். அவள் ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று இரண்டு குவியலாகத் தள்ளுவாள். மஞ்சள் தூளைப் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக் கொலுசை உள்ளே விடுவது, பூண்டு கறுக்கிறதா என்று காத்திருப்பது முதலிய சோதனைகளை அவள் மதித்ததே இல்லை. அவள் நினைத்தது சரிதான். விஷத்துக்கும் வெள்ளிக்கும் ஒரு பகையும் கிடையாது, பூண்டு தன்னிஷ்டத்துக்குக் கறுக்கும். நாய்க்குடை என்று ஒரு பெயர் வைத்து ஆகாத காளானையெல்லாம் அதில் அடைத்துவிட்டதும் தமிழில் நடந்த ஒரு சோம்பேறித்தனம்தான். எந்த நாயும் குடை பிடித்து எவரும் பார்த்ததில்லை. பெயர் கிடைத்துவிட்ட பொருளை மனிதர்கள் அதற்குமேல் உற்றுப் பார்ப்பதில்லை, அவ்வளவே.

துளசிமணி உற்றுப் பார்ப்பவள். புற்றுக்காளானுக்கு வேர் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். புற்றுக்குள்ளே கரையான் கட்டி வைத்திருக்கும் கூடுவரை அது ஒரு முழ ஆழம் இறங்கி, எலிவால்போல மெலிந்து, நுனியில் கறுத்திருக்கும். குச்சியால் நோண்டி நோண்டித்தான் எடுக்க வேண்டும். வெடுக்கென்று கையோடு வந்தால் அது புற்றுக்காளான் இல்லை.

இனி அந்தப் புற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் முகப்பில் ஆளுயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. அதுவே புத்துமாரி. அதற்கு மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை சுற்றி, செவ்வாய்தோறும் பால் ஊற்றிக் கும்பிட்டார்கள். சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் புற்றை இடிக்க வேண்டும் என்றபோது ஊர் கூடிப் பேசி, இடிக்கக் கூடாது, வேண்டுமானால் அம்மனை இடம் மாற்றிக்கொள்கிறோம் என்று முடிவு செய்தது. உத்தரவு கேட்டுப் பூப்போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தது, அம்மனுக்குச் சம்மதம். பொக்லைன்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறி, புற்றை அடியோடு அள்ளி, சாலைக்கு மறுபுறம் தைலமரத் தோப்பின் ஓரத்தில் இறக்கினார். பெண்கள் அந்த மண்ணைக் கையால் பிசைந்து பழைய உருவத்துக்கே குவித்து, மஞ்சள் பூசி, சேலை கட்டினார்கள். அம்மன் வந்துவிட்டாள். கரையான் வரவில்லை. இதை யாரும் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். கும்பிட்டது கரையானை அல்லவே.

மறுவருஷம் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்ட காலையில், புதுப் புற்றின் அடியில் ஏழு காளான்கள் வெள்ளை வெளேரென்று நின்றன. இரண்டு வருஷமாக மழை பொய்த்து, காளான் வாசனையே ஊருக்கு மறந்திருந்தது. துளசிமணி போனபோது அங்கே ஏற்கனவே பாவாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். எந்தச் செய்திக்கும் முதல் ஆளாக நிற்கிறவள் அவள். புருஷன் இறந்தபிறகு அந்த வீட்டில் அவளும் அவள் நாக்கும் மட்டுமே குடியிருந்தார்கள்.

துளசிமணி குச்சியை மண்ணில் குத்துவதற்குள் முதல் காளான் வெடுக்கென்று கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை. கட்டைவிரல் பருமனில் ஒரு குமிழ், அதைச் சுற்றிக் கிழிந்த சட்டைப்பைபோல ஒரு தோல்.

"ஏன் அம்மிணி, மூஞ்சி ஒரு மாதிரி போகுது? நல்லதுதானே?" என்றாள் பாவாத்தாள். "உனக்கே சந்தேகம்னா நாங்கெல்லாம் எங்க போறது?"

இருபது வருஷத்தில் துளசிமணி ஒருமுறைகூடத் தெரியவில்லை என்று சொன்னதில்லை. அந்தச் சொல் அவள் வாயில் பழகியிருக்கவில்லை. அம்மனே போன வருஷம்தானே இங்கே குடிவந்தாள், வேர் இறங்க நாளாகும் என்று ஒரு நியாயம் அவளுக்குத் தோன்றியது. தோன்றிய அந்த நிமிஷத்திலேயே அது நியாயம் இல்லை என்பதும் தோன்றியது. ஆனால் முதலில் வந்தது முந்திக்கொண்டது.

"நல்லதுதானுங்க அக்கா. புத்துல மொளச்சது புத்துக்காளான்தானே," என்றாள். பாவாத்தாள் சேலையை உதறிக்கொண்டு திரும்பிய நேரத்தில் ஏழு காளானின் அடியையும் நகத்தால் கிள்ளித் தோப்புக்குள் எறிந்தாள்.

அன்று கிருத்திகை. துளசிமணி விரதம். காளான் பஞ்சாங்கம் பார்த்து முளைப்பதில்லை என்பதால் புருஷனுக்காகத் தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள், உப்புக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போனது. நாச்சிமுத்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பாவாத்தாள் கிண்ணத்தை வழித்துக் கழுவித் திருப்பித் தந்தாள்.

விடிவதற்குள் இரண்டு வீட்டிலும் வாந்தி. புதன்கிழமை முழுக்க இருவரும் டவுன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தார்கள். வியாழன் காலையில் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார்கள். துளசிமணி அம்மனுக்குக் கும்பிடு போட்டபோது டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நல்லாயிட்டாங்கனு கூட்டிட்டுப் போயிடாதீங்கம்மா. இந்தக் காளான் அப்படித்தான். ஒரு நாள் நல்லா இருக்க விடும். அந்த நேரத்துல உள்ள ஈரல் கெட்டுட்டிருக்கும். நாளைக்குக் கண்ணு மஞ்சளாகும்."

"மஞ்சளானா?"

"ரெண்டு நாள். மிஞ்சினா மூணு."

துளசிமணி அன்றிரவு தூங்காமல் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை விடிந்தது. நாச்சிமுத்து எழுந்து உட்கார்ந்து, நேற்று வாந்தியெடுத்தே செத்துவிட்டேன் புள்ள, இன்னிக்குப் பரவாயில்லை, பசிக்கிறது என்றார். கண் பால்போல வெள்ளையாக இருந்தது. அடுத்த கட்டிலில் பாவாத்தாள், நேற்றுச் சொன்னதையே சொன்னாள். சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமையும். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வியாழக்கிழமை எந்த அளவில் இருந்ததோ அதே அளவில், புள்ளி பிசகாமல் இருந்தது. ஏற்றிய மருந்து ராத்திரிவரை உடம்பில் இருந்தது, காலையில் இல்லை. இரவில் எப்போதோ ஒரு நேரத்தில் அவர்கள் உடம்பும் நினைவும் திரும்பிப்போய் அந்த வியாழனின் தொடக்கத்தில் நின்றுகொண்டன. நாற்பது நாள் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இவங்களை என்னால குணப்படுத்தவும் முடியாது. இவங்க சாகவும் மாட்டேங்கிறாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கண்ணை மட்டும் தினமும் பாருங்க." காரணம் என்ன என்று ஊரில் பதினாறு பேர் பதினாறு விதமாகச் சொன்னார்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் இங்கே எழுதவில்லை.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாச்சிமுத்து கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றார். தையல்காரர் நாளைக்கு என்று சொல்வதில் யாருக்கும் அதிசயம் தெரியவில்லை. உண்மையில் வேலை முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது, அவருக்கு அலுப்பே சேரவில்லை. காலையில் வந்து, தைத்து மடித்திருக்கும் ஜாக்கெட்டுகளைப் பார்த்து, "இதை எப்போ தைச்சேன்?" என்பார், வாந்தி மயக்கத்து மறதி என்று அவரே சொல்லிக்கொள்வார். ஜாக்கெட் கை முழங்கைவரை இறங்கியதும் பிறகு தோளுக்கே ஏறியதும் அவருக்குத் தினசரி அதிர்ச்சி. "டவுன்ல இதான் இப்போ" என்பார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு வெட்டுவார். கல்யாணப் பத்திரிகை வைத்தால் கட்டாயம் வந்துவிடுகிறோம் என்பார். வரமாட்டார், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

பாவாத்தாளின் பெருமையோ வேறு விதத்தில் வளர்ந்தது. தினமும் காலையில் அவள் வாசலுக்கு வந்து, "ஏன் அம்மிணி, மேக்கால வீட்டுச் சரோசா கதையைக் கேட்டியா? டெம்போக்காரனோட பேச்சாம்," என்பாள். சரோசா அந்த டெம்போக்காரனையே கட்டி, மூன்று பெற்று, மூத்தவளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தாள், அடையாளம் மாறிப்போன அவளே எதிரில் வந்து, "யாருங்க அக்கா அந்தச் சரோசா? அத்தனை துணிச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஆனால் ஊரிலேயே ஆபத்தான காது ஊரிலேயே பத்திரமான காது ஆகிவிட்டது என்பதைப் பெண்கள் முதலில் கண்டுகொண்டார்கள். புருஷனிடமும் சாமியிடமும் சொல்ல முடியாததை அவளிடம் சொல்லி அழுதுவிட்டு, மறுநாள் நிமிர்ந்து நடந்தார்கள். அவளும் ஒவ்வொன்றையும் "அட பாவமே!" என்று புதுசாகக் கேட்டாள். பின்னால் ஆண்களும் வரத் தொடங்கினார்கள், வெற்றிலை வாங்கிக்கொண்டு.

வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கும் வியாழக்கிழமை வரும். அதை ஒத்த நாள் என்று ஊரில் சொன்னார்கள். அன்று மட்டும் யாரும் கிழமையை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நாட்களுக்காகத் துளசிமணி நகைக்கடைகள் தரும் தினசரிக் காலண்டர்களைச் சேர்த்து, அதிலிருந்து வியாழக்கிழமைத் தாள்களை மட்டும் கிழித்து ஒட்டி ஒரு காலண்டர் வைத்திருந்தாள். வருஷத்தை நாச்சிமுத்து கவனித்ததில்லை. கிழமை பார்க்கிறவர்கள் வருஷம் பார்ப்பதில்லை.

அவள் முகம்தான் சிக்கல். அவளுக்கு நாற்பத்துநான்கு, நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து என்று ஏறியது. "ஏம்புள்ள, ஒரே ராத்திரியில இப்படிக் கெழவியாட்டம் ஆயிட்டே?" என்று அவர் ஒவ்வொரு காலையும் பதறினார்.

"ரெண்டு நாளாத் தூங்கலீங்க," என்பாள் அவள். அவர் நம்பிவிடுவார். பாதி நரைக்கும் கன்னத்துச் சுருக்கத்துக்கும் முழங்கால் வலிக்கும் அந்த இரண்டு ராத்திரிகளே பதினோரு வருஷம் பொறுப்பேற்றன.

காளான் விஷயத்தில் ஊர் அவளைக் குற்றம் சொல்லவில்லை. புற்றில் முளைத்ததைப் புற்றுக்காளான் என்று பறித்தாள், இதில் அவள் பிசகு என்ன என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கிள்ளியெறிந்த ஏழு குமிழ்களையும் அவளைத் தவிர ஒருவரும் அறியார். அதை ஒருவரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், சாப்பிட்டவரிடமே சொல்ல வேண்டும், அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவை சொன்னபோது அவர் கத்திரியைச் சுவரில் வீசினார். மறுநாள் காலை எழுந்து, நேற்று வாந்தி, இன்று பரவாயில்லை என்றார். இரண்டாம் தடவை அழுதார். மூன்றாம் தடவை டீ குடித்துக்கொண்டிருந்தார், மிச்சத்தையும் குடித்துவிட்டு, "வேணும்னா பண்ணினே? போச்சாது, உடு," என்றார். போச்சாது என்பது கொங்குநாட்டுச் சொல்; பரவாயில்லை என்று பொருள். போச்சு என்று தொடங்குகிறது, ஆது என்று முடிகிறது. போயிற்றா, போகவில்லையா என்று எந்த இலக்கணக்காரரும் உறுதியாகச் சொல்ல முடியாது. துளசிமணி அன்று வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் அவர் முகத்தில் அந்தப் போச்சாது இல்லை.

அவள் விடவில்லை. சில மாதங்களில் அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. ஊசியில் நூல் கோக்கும்போது சொன்னால் கோபம். சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னால் அழுகை. டீ டம்ளர் கையில் இருக்கும்போது, முதலில் "உங்களை ஒண்ணு கேக்கோணுங்க" என்று தொடங்கினால், தவறாமல் போச்சாது. காப்பி போடுவதுபோல மன்னிப்புப் போட்டு எடுத்தாள். ஒரு வருஷம் தினமும் வாங்கினாள். எல்லாம் வியாழக்கிழமை மன்னிப்பு. விடிந்தால் பழையபடி ஒன்றும் அறியாத முகம். மன்னித்தவர் மறுநாளும் மன்னித்தவராகவே எழுந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மறுநாள் வேண்டும். அந்த மறுநாளின் கண் மஞ்சளாக இருக்கும். இதை ஒருநாள் வாசல் பெருக்கும்போது முழுசாகப் புரிந்துகொண்டபிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவர் கையில் டீயைக் கொடுத்துவிட்டு உடனே உள்ளே போய்விடுவாள்.

செய்தி வெளியூர்களுக்கும் போனது. ஒருமுறை திருப்பூர்ப் பக்கமிருந்து, மில்லில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். மனைவிக்குப் புற்றுநோய், நாள் குறித்துவிட்டார்கள். துளசிமணியிடம் அந்தக் காளானைக் காட்டச் சொல்லி அழுதார்.

"ஒரே ஒரு வியாழக்கிழமை போதுங்கம்மா. அவ நல்லா இருக்கிற நாளாப் பாத்துக் குடுத்துடுவேன்."

"நின்ன நாளை வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"நானும் அப்படித்தான் உக்காந்திருக்கேன். எந்திரிச்சுப் போங்க," என்றாள் துளசிமணி.

அவர் போகவில்லை. ஊரை ஒட்டிய குன்றான கரட்டைச் சுற்றித் தானே தேடி, ஒரு நிஜமான புற்றின் மேல் முளைத்திருந்த நல்ல காளானை அதுதான் விஷம் என்று நினைத்துப் பறித்துக்கொண்டு போனார். காளான் பறித்தலின் நெடிய வரலாற்றில் இந்தப் பிசகு மிக அபூர்வம். அந்த அம்மாள் ருசித்துச் சாப்பிட்டு, டாக்டர்கள் சொன்ன நாளில் சரியாக இறந்துபோனாள். அதன்பிறகு மழைக்காலம் முழுக்கத் துளசிமணி விடியலில் புதுப் புற்றுக்குப் போய், முளைத்ததையெல்லாம் பிடுங்கித் தீயில் போட்டாள். ஒவ்வொன்றும் வெடுக்கென்று வந்தது. பதினோரு வருஷம் ஆகியும் வேர் இறங்கவில்லை.

பதினோராவது ஐப்பசியில் ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லை. வெளியே தூறல். நாச்சிமுத்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் கீழே உட்கார்ந்து துண்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள," என்றார் அவர், உதட்டில் கொக்கியைக் கவ்வியபடி. "நேத்து ஆஸ்பத்திரியில அந்த டாக்டரு, காளானோட அடி எப்படி இருந்துச்சுன்னு உன்னைக் கேட்டாரே. நீ என்னமோ பாக்கலேன்னு சொன்னே. நீ பாக்காம பறிப்பியா?"

சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. டீ இல்லை, முன்னுரை இல்லை. முழங்கால் வலித்தது. நாளைக்கு எப்படியும் இருக்கப்போவதில்லை என்ற சலிப்பில் வாயிலிருந்து வந்தது.

"பாத்தனுங்க. வேரு இல்ல. கட்டையா ஒரு குமிழுதான். ஆகாதுன்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு. அக்கா பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க, தெரியலேன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வர்ல. கிள்ளி எறிஞ்சுட்டேன்."

அவர் உதட்டிலிருந்து கொக்கியை எடுத்தார். கத்திரியின் பக்கம் கை போகவில்லை. கண்ணும் கலங்கவில்லை. போச்சாதும் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த மூன்று வழிகளிலும் சேராத ஒரு முகத்தோடு அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் அளவு ஜாக்கெட்டோடு வந்துவிட்டாள். ராத்திரி சாப்பிட்டார். படுத்தார்.

மறுநாள் காலை துளசிமணி வாளியோடு வாசல் தெளிக்க வந்தாள். பாவாத்தாள் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். சரோசா கதைக்காகத் துளசிமணி பழக்கத்தில் நின்றாள். அந்தக் கதை வரவில்லை.

"என்னங்க அக்கா, சேதி ஒண்ணுமில்லையா?"

"நேத்தே சொல்லிட்டேனே அம்மிணி. சொன்னதையே எத்தனை தடவை சொல்றது?" என்றாள் பாவாத்தாள், அடிவயிற்றை அழுத்தியபடி. "என்னமோ பண்ணுது போ. வாயெல்லாம் கசப்பு."

துளசிமணி வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். தண்ணீர் அலம்பி நிற்கும்வரை அதையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

நாச்சிமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்துப் பதறவில்லை, ஏன் கிழவியானாய் என்று கேட்கவில்லை. நேற்றும் பார்த்த முகம்தானே. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண், எத்தனை அலசினாலும் மஞ்சள் கறை போகாத வெள்ளைத் துணியின் நிறத்தில் இருந்தது.

"நேத்து நீ சொன்னது," என்றார். "நெசமா?"

"நெசந்தானுங்க."

"ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுட்டிருந்தேன்."

அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் சொன்ன ஒன்று ஒரு ராத்திரியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தது.

"நெனச்சு?" என்றாள்.

"போச்சாதுன்னு சொல்லிடலாம்னுதான் பாத்தேன். வாய் வர்ல, புள்ள. அது அத்தனை லேசான காரியமில்லையே." அவர் புறங்கையால் கண்ணைத் தேய்த்தார். "ரெண்டு மூணு நாள் போகட்டும். நல்லா யோசிச்சுச் சொல்றேன்."

"ஆகட்டுங்க," என்றாள் துளசிமணி. "அவசரமில்ல."